லோஹானுக்கு வாங்கிய நிலா

நிலா விளக்கை முதன்முதலாக எரியவிட்ட மாலை எங்கள் ஹாலில் இருந்தது நான்கு பேர். அண்ணன், அண்ணி, அம்மா, நான். அப்பா இல்லை. அண்ணன் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்திய நாளிலிருந்து அவர் செமினியில் அத்தை வீட்டில் இருந்தார். வெளியில் அப்பா வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவைத்திருந்தோம். அண்ணனின் கூட்டாளிகளும் இல்லை. அவர்கள் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விளக்கையே வாங்கினோம்.

எங்கள் வீடு மலேசியாவில், கிள்ளானில், அடுக்குமாடியில் நான்காவது மாடி. அண்ணன் துறைமுகத்திலிருந்து கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். அதற்கு முந்தைய வருடம், கார் நிறுத்துகிற இடத்தில் நடந்த ஒரு சின்னத் தகராறில், மோட்டார் ஹெல்மெட்டால் ஒருவனை அடித்துத் தாடையைக் கழற்றிவிட்டான். முதல் வழக்கு என்பதால் உள்ளே போடவில்லை. ஒரு வருடம் ஒழுங்காக இருக்க வேண்டும், அதற்குள் யார் மீதாவது கை வைத்தால் சிறை என்று நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். அவன் தவறினால் பிணைப் பணத்தைக் கட்டுவதற்கு, சம்பளச் சீட்டு உள்ள ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் சம்பளச் சீட்டு என்ற காகிதம் வருவது எனக்கு மட்டும்தான். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் கட்டட வரைபடம் வரைகிறேன். கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா எங்களை வளர்த்தது ரப்பர் குழாயால். தண்ணீர் பிடிக்கிற பச்சைக் குழாய், ஒரு முழம் வெட்டி கதவுக்குப் பின்னால் தொங்கும். எங்களை என்றேனே, அது சரியில்லை. அண்ணனை. நான் ஒன்றாம் வகுப்பில் முதலாவதாக வந்தபோது, "இவன் படிக்கிற புள்ள, இவன தொடாத" என்று அம்மா குறுக்கே நின்றார். அப்பாவும் அதை ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நான் உடைத்த கண்ணாடிக் குவளைக்கும் அண்ணன்தான் அடி வாங்கினான். பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போகும்வரை என் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. என் பங்கும் சேர்ந்து அவன் முதுகில் இருக்கிறது. அதில் நான்கு தழும்பை எனக்குத் தெரியும்.

அவன் வைத்திருந்த மீன் லோஹான். நெற்றியில் கோழிமுட்டை அளவுக்கு மேடு எழும்பி நிற்கும் சிவப்பு மீன். உள்ளங்கை அளவில் வாங்கி வந்தான். வழக்கு முடிந்த நேரத்தில் ஒரு சாண் நீளம். மூன்றடித் தொட்டியில் அது ஒன்றுதான். வேறு எதையும் அது விட்டுவைக்காது. கண்ணாடியில் பாசி துடைக்கட்டும் என்று ஒரு பண்டாராயா மீனை வாங்கிப் போட்டோம். மாநகராட்சி ஆள் போல ஊர்ந்து ஊர்ந்து சுத்தம் செய்யும் அந்தக் கறுப்பு மீனுக்கு ஊரில் அதுதான் பெயர். மறுநாள் காலையில் அதற்கு இரண்டு கண்ணும் இல்லை. சாயங்காலம் உயிரும் இல்லை.

"பாத்தியா, என் புள்ள எப்புடி?" என்றான் அண்ணன், பல் தெரிய.

அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்க புள்ளைக்கு ஒரு நாளைக்கு நான் மொளகாத்தூள் போடப் போறேன் பாருங்க" என்றார்.

ஆனால் அந்த மீன்தான் அவனை வீட்டில் வைத்திருந்தது. எட்டரை மணிக்கு வந்து குளித்து, அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவான். விரலைக் கண்ணாடியில் வைப்பான். அது பாய்ந்து வரும். பத்தரை வரைக்கும் அதுதான். அப்படி உட்கார்ந்த நாட்களில் கீழே மாமாக் கடை என்கிற டீக்கடைக்குப் போவதில்லை. கூட்டாளிகளைப் பார்ப்பதில்லை. ஏழு மாதம் இப்படி ஓடியது. நானும் அண்ணியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை, ஆனால் இருவரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் ஐந்து மாதம். அதுவரை அவன் ஒருவரையும் அடிக்காமல் இருக்க வேண்டும்.

கெடுத்தது பழைய விளக்கு. ஆள் இல்லாத அறையில் லைட் எரியக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஹாலும் தொட்டியும் இருட்டிக் கிடக்கும். அண்ணன் உள்ளே வந்ததும் தொட்டியின் டியூப் லைட்டைத் தட்டுவான். தூங்கிக்கொண்டிருந்த மீனுக்குத் தலையில் இடி இறங்கியது போல. சுண்டிய வில்லாகக் கிளம்பி மூடியில் மோதும்; திரும்பிக் கண்ணாடியில் மோதும். செதில்கள் பறந்து தண்ணீரில் சுற்றும். ஒரு நாள் மூடியில் மோதியதில் நெற்றி மேடு பிளந்து ரத்தம் வந்தது. அண்ணன் பார்த்தான். ஸ்டூலைத் தூக்கிக் கதவில் அடித்தான். கால் ஒன்று உடைந்து சமையலறை வரை உருண்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான். அன்று அவன் திரும்பும்வரை அண்ணி வாசற்படியிலேயே நின்றார். கையில் காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

மறுநாள் காலை, நான் காலணி மாட்டும்போது அண்ணி வந்தார்.

"தம்பி, நீங்கதானே படிச்சவரு. மீனு பயப்படாத மாதிரி ஒரு லைட்டு இருக்காதா?"

படித்தவன் என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒரு குறிப்பேடு வாங்கிக் கோடு போட்டேன். எத்தனை வாட், எத்தனை லூமென், நிறம் எத்தனை கெல்வின், நேரக்கட்டுப்பாடு உண்டா, நீல விளக்குக்குத் தனி இணைப்பா. மூன்று வாரம் மதியச் சோறு சாப்பிடும் நேரமெல்லாம் அதில்தான் போனது. தெரிந்துகொண்டது இதுதான். நல்ல வெள்ளை வெளிச்சம் செடிக்கு நல்லது, ஆனால் சிவப்பு மீன் அதில் சோகை பிடித்ததுபோல வெளுத்துத் தெரியும். சிவப்பு கூடின விளக்கில் மீன் தகதகவென்று இருக்கும், தொட்டி மட்டும் பாசாரில் இறைச்சிக் கடை மாதிரி ஆகிவிடும். இரண்டும் கலந்தது வேண்டும். பட்டென்று எரியாமல் அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும், அப்படியே இறங்க வேண்டும். இறங்கிய பிறகு நிலா வெளிச்சம் போல மங்கலான நீலம். வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்கள் மீனைப் பார்ப்பதற்கென்றே செய்தது அது. அண்ணனுக்கென்றே செய்ததுபோல இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைகளுக்குப் பின்சந்தில் ஒரு மீன் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நான் குறிப்பேட்டை விரித்துக் கேள்வி கேட்கக் கேட்க, மீன் பையில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன பாஸ், லைட்டு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? ஜாதகமெல்லாம் கொண்டாந்திருக்கீங்க."

"லோஹானுக்குண்ணே. மூனடித் தொட்டி."

"லோஹானா? அறுபத்தஞ்சு வெள்ளிக்கு ஒன்னு இருக்கு. வெள்ளை, நீலம், ரெண்டு சுவிட்சு. போதும் லா."

"மெதுவா ஏறி இறங்குமா?"

"மெதுவா ஏற அது என்ன லிஃப்டா?"

கடைசியில் நான் கேட்டதையே எடுத்துக் கொடுத்தார். இருநூற்று எண்பத்தொன்பது ரிங்கிட். பெட்டியைப் பையில் போடும்போது, "ஒன்னு சொல்றேன் பாஸ். நிலா லைட்டு எரியறப்ப ஹால் லைட்ட அடைக்காதீங்க. வெளிய இருட்டா இருந்து உள்ள மட்டும் வெளிச்சம் இருந்தா, கண்ணாடி முகம் பாக்குற கண்ணாடியாயிடும். இவன் ஜாதி தெரியும்ல? தன் மூஞ்சிய பாத்துட்டு வேற மீனுன்னு நெனச்சு அடிச்சுக்குவான்" என்றார்.

குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில், அடிக்கோடும் போட்டு.

சனிக்கிழமை பொருத்தினேன். நிறம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று தொட்டியின் பின்பக்கம் கறுப்புத் தாளும் ஒட்டினேன். எந்த மணிக்கு எந்த வெளிச்சம் என்று அட்டவணை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். அண்ணன் எட்டரைக்கு வந்தபோது விளக்கு தானாக ஏறி நின்றிருந்தது. மீன் துளிகூட மிரளவில்லை. அண்ணன் வாயைப் பிளந்து பார்த்தான். ஒன்பதரைக்கு வெள்ளை இறங்க ஆரம்பித்தது. இறங்கி இறங்கி, நீலம் வந்தது.

"டேய்," என்றான். குரல் எனக்குப் புதிதாக இருந்தது. "கடல்டா இது."

பிறகு எழுந்து, ஹால் லைட்டை அடைத்தான்.

இருட்டில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்தோம். படம் பார்ப்பது போல. அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை, மின்சாரம் மிச்சம்தானே. நீல வெளிச்சம் அண்ணன் முகத்தில் விழுந்தது. அவன் அண்ணி தோளில் கைபோட்டு உட்கார்ந்து நான் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது. ஹால் லைட்டைப் போட வேண்டும் என்று சொல்ல வேண்டியவன் நான்தான். எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் போனதும் மீன் கறுப்புத் தாள் பக்கம் திரும்பியது. நின்றது. செவுள்களை விரித்தது. உடம்பில் கறுப்புக் கோடுகள் ஏறின. அடுத்த நொடி டொக்கென்று ஒரு சத்தம். பின்வாங்கி மறுபடி டொக். பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போனது. அங்கேயும் ஒரு எதிரி நின்றான். வாயைத் திறந்து அவன் வாயைக் கவ்வப் பார்த்தது. டொக்.

"பாருடா, பாருடா! சண்டைக்கு நிக்கிறான்டா என் ராஜா!" அண்ணன் முட்டி போட்டு எழுந்துவிட்டான். "போடு! ஒன்னு போடு அவன!"

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அது தினமும் நடந்தது. ஒன்பதரை மணி ஆனால் அண்ணனே லைட்டை அடைப்பான். கோபம் ஏற ஏற நெற்றி மேடு பெருக்கும் என்று யாரோ சொன்னார்கள், உண்மையிலேயே பெருத்தது. இரண்டாவது வாரம் அவன் மாமாக் கடைக்குப் போகவில்லை, மாமாக் கடை எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு கூட்டாளிகள். ஒருவன் குட்டை, வாய் ஓயாதவன். இன்னொருவன் எப்போதும் ஃபோனில் இருப்பான். தெ தாரிக் என்கிற ஆற்றிய தேநீர்ப் பொட்டலத்தோடு வந்து தரையில் உட்கார்ந்து, ஒரு நிமிடத்தில் மீன் எத்தனை முறை முட்டும் என்று எண்ணினார்கள். பதினெட்டு. இருபத்திரண்டு. ஃபோன் வைத்திருப்பவன் எண்ணினான், குட்டையன் கத்தினான். ஒரு நாள் குட்டையன் மோட்டாரில் உடைந்த பக்கக் கண்ணாடியைக் கொண்டுவந்து தொட்டிக்கு எதிரில் பிடித்தான். மீன் மொத்த உடம்பையும் சுழற்றி அடித்தது. தொட்டியின் தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. மூவரும் கைதட்டினார்கள்.

அண்ணி சமையலறையில் என்னிடம், "இது வீடா, சேவல் சண்டை போடுற எடமா?" என்றார். பிறகு அவரே, "பரவால்ல. மீனுதானே அடி வாங்குது" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு டொக்கும் எவனோ ஒருவன் தாடையில் விழாமல் போன குத்து என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. படித்த புத்தி அப்படியெல்லாம் கணக்குப் போடும்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளை வெளிச்சத்தில் தொட்டியைத் துடைக்கக் குனிந்தபோது பார்த்தேன். மேலுதடு இல்லை. உதடு இருந்த இடத்தில் வெள்ளைச் சதை நார் நாராகத் தொங்கியது. தாடை ஒரு பக்கம் இழுத்து, வாய் மூடாமல் நின்றது. வலது கண் வீங்கி, பால் ஊற்றியதுபோல மங்கியிருந்தது. உணவு உருண்டையைப் போட்டேன். கவ்வப் பார்த்தது. உருண்டை உள்ளே போய் வெளியே விழுந்தது. மறுபடி கவ்வியது. மறுபடி விழுந்தது. நீலத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்திருக்கும். கறுப்புத் தாளுக்கு முன்னால் யாருக்குத் தெரியும்?

கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியபோது அப்பாவின் வாயும் அப்படித்தான் திறந்து நின்றது.

அண்ணனிடம் பகலிலேயே சொல்லியிருக்கலாம். அவன் தூங்கிக்கொண்டிருந்தான், நான் எழுப்பவில்லை. பயம். சாயங்காலம் கூட்டாளிகள் வந்தார்கள். ஒன்பதரை ஆனது. அண்ணன் லைட்டை அடைத்தான். முதல் டொக் கேட்டதும் நான் எழுந்து போய் லைட்டைப் போட்டேன்.

"ஏய், என்னாலா?" என்றான் குட்டையன்.

"அடைடா," என்றான் அண்ணன், திரும்பாமல்.

"முடியாதுண்ணே. வாய் கிழிஞ்சிருச்சு. கிட்ட வந்து பாருங்க. இனிமே இருட்டுல வைக்கக் கூடாது. கண்ணாடியில தன் மூஞ்சிய பாத்துதான் முட்டுது."

அண்ணன் கிட்டே வந்து குனிந்தான். நீண்ட நேரம் பார்த்தான். விரலைக் கண்ணாடியில் வைத்தான். மீன் வரவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த இடத்தில் இணையத்தில் படித்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் மூன்று வாரமாக அது என் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

"கடைக்காரர் சொன்னாரு."

"எப்ப?"

"வாங்குன அன்னிக்கே."

"மொத நாளே தெரியுமா?"

"நீங்க வீட்டுல சந்தோஷமா இருந்தீங்கண்ணே. கீழ போகாம இருந்தீங்க. அதான் சொல்லல."

குட்டையன் சிரித்தான். "யோவ், மீனுக்கு இல்லய்யா லைட்டு. ஒன்ன புடிச்சு வைக்கத்தான் தம்பி வாங்கியிருக்கான். படிச்ச மூளை பாத்தியா!"

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணில் கோபம் இருந்தால் நான் ஓடியிருப்பேன். அவன் அவமானப்பட்டிருந்தான்.

"என்னைய காவல் காக்க லைட்டு வாங்குனியாடா?"

முதல் குத்து வாயில் விழுந்தது. சத்தம் எனக்கு வெளியே இல்லை, மண்டைக்குள்ளே கேட்டது. இரண்டாவது காதுக்குக் கீழே. நான் குளிர்பெட்டியில் போய் மோதினேன். என் அட்டவணை கிழிந்து கையோடு வந்தது. மூன்றாவதற்குக் கையை ஓங்கியபோது அம்மா குறுக்கே பாய்ந்தார். "அவன தொடாதடா! அவன தொடாத!" அதே சொற்கள். அதைக் கேட்டதும்தான் அவனுக்கு வெறி பிடித்தது என்று நினைக்கிறேன். அம்மாவை ஒரு கையால் விலக்கிவிட்டு, உடைந்து மூன்று காலோடு கிடந்த அந்த ஸ்டூலை எடுத்து என் விலாவில் இறக்கினான். கூட்டாளிகள் இருவரும் செருப்பைக்கூட மாட்டாமல் படி இறங்கி ஓடினார்கள். அவன் நிறுத்தியபோது நான் தரையில் கிடந்தேன். இருபத்தைந்து வயதில் முதல் அடி. நாக்கால் தடவிப் பார்த்தேன். முன்பல் இரண்டு இல்லை.

அண்ணிதான் வாடகைக் காடி பிடித்து என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். டாக்டர் இளம் பெண், தமிழ்ப் பெண். விலாவை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "எப்படி ஆச்சு?" என்றார்.

"மோட்டார்ல விழுந்துட்டேன் டாக்டர்."

"ஹெல்மெட் போடலயா?"

"போட்டிருந்தேன்."

"ஹெல்மெட் போட்டுட்டா பல்லு போச்சு?"

பிணை முடிய இன்னும் மூன்றரை மாதம். நான் விழுந்தேன் என்று சொன்னால் விழுந்ததுதான். கையெழுத்துப் போட்டவனே அடி வாங்கியவன், வேறு யாருக்குத் தெரியப் போகிறது?

"விழல டாக்டர்," என்றார் அண்ணி, என் பின்னாலிருந்து. "எங்க வீட்டுக்காரரு அடிச்சாரு. இவரு கூடப் பொறந்தவரு."

"அண்ணி..."

"சும்மா இருங்க தம்பி." அவர் டாக்டருக்கு முன்னால் வந்து நின்றார். "இன்னிக்கு நீங்க மோட்டார்ல விழுந்தீங்க. நாளைக்கு நான் குளியலறையில வழுக்கி விழணும். அப்புறம் அத்தை விழணும். மாமா விழுந்தது பத்தாதா?"

அண்ணி மூன்றாம் பாரத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவர். அன்று இரவே போலீஸ் நிலையத்தில் மலாயில் புகார் சொல்லும்போது ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எழுதியதை என்னிடம் கொடுத்துச் சரியா என்று பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். ஹால் லைட் எரிந்தது. அண்ணி அவனிடம் நேராகவே சொன்னார், "புகார் குடுத்துட்டேன்." அவன் தலையாட்டினான். போலீஸ் வந்தபோது தானே எழுந்து சட்டை மாட்டினான். வாசலில் என் வாயைப் பார்த்துவிட்டுப் போனான்.

மீன் நான்கு நாள் இருந்தது. அம்மா உருண்டையை நசுக்கி நீரில் கரைத்துக் குழலால் ஊற்றிப் பார்த்தார். ஐந்தாம் நாள் வயிறு மேலே தெரிய மிதந்தது.

அண்ணனுக்கு நான்கு மாதம் கிடைத்தது. அப்பா செமினியிலிருந்து வரவில்லை. ஃபோனில் கேட்டபோது, "அவன் வந்ததுக்கு அப்புறம் வர்றேன், அவன் இல்லாதப்ப வந்தா நல்லா இருக்காது" என்றார். அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அண்ணி எங்கும் போகவில்லை. வாரம் ஒருமுறை அவனைப் பார்க்கப் போகிறார், நான் இரண்டு முறை கூடப் போனேன். இரண்டாவது முறை அவன் கேட்டான்: "பல்லு கட்டிட்டியா? எவ்ளோ?"

அம்மாவும் அதையேதான் கேட்டார், என்னை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சேர்த்து. நான் சொன்னேன். விளக்கு இருநூற்று எண்பத்தொன்பது, பல் இரண்டும் ஆயிரத்து எண்ணூறு, பிணை போட்டவன் என்ற முறையில் நான் கோர்ட்டில் கட்டியது மூவாயிரம். ஐயாயிரத்து எண்பத்தொன்பது ரிங்கிட்.